மாறிவரும் சமூகத்தைப் படித்தல்: பெண்களும் முதுமாணிக் கல்வியும்

(நூற்றாண்டு விழா நிகழ்வுகளில் ஒன்றாகப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கருத்தரங்கில், சமூகவியல் விரிவுரையாளராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நூற்றாண்டு காணும் எமது கல்லூரியின் மண்டபத்தில் நின்று பேசும் வாய்ப்பைத் தந்த சங்கத்தினருக்கு முதலில் நன்றி கூறுகிறேன். சமூக மாற்றத்தை விளங்கிக்கொள்வதற்காகச் சமூக விஞ்ஞானத்தை முதுமாணி மட்டத்தில் கற்பது பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். தலைப்பைக் கேள்விப்பட்ட எனது வகுப்புத் தோழி ஒருவர், "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?" என்று கேட்டார். உயர்தரத்தில் கலைப்பிரிவைத் தெரிவுசெய்யும் பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் கேட்கும் கேள்வி அது. அதற்கு விடை சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். அதற்கு முன்னர் இன்னொரு கேள்வியைப் பார்த்துவிடுவோம்.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் மாற்றத்தின் நடுவிலேயே வாழ்ந்தவர்கள். இடம்பெயர்ந்திருக்கிறோம். வீடுகளை இழந்து திரும்பக் கட்டியிருக்கிறோம். சகோதரர்களை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம், சிலரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்களின் பிள்ளைகள் இன்று கைபேசியில் படிக்கிறார்கள். இவ்வளவையும் நேரில் கண்டவர்களுக்குச் சமூக மாற்றத்தைப் பற்றிப் புத்தகத்தில் படிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. ஒன்றை அனுபவிப்பதும் அதற்குக் காரணம் அறிவதும் ஒன்றல்ல. காய்ச்சல் வந்தவருக்கு அதன் வேதனை வைத்தியரை விட நன்றாகத் தெரியும். ஆனால் அது டெங்குவா, சாதாரணக் காய்ச்சலா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். சமூகத்தைப் பற்றி நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறோம். "இப்பத்தைய பிள்ளையளுக்குப் பொறுப்பில்லை." "வெளிநாட்டுக் காசு வந்து எல்லாத்தையும் கெடுத்துப்போட்டுது." "போன் வந்த பிறகுதான் இவ்வளவும்." இவற்றில் உண்மையின் ஒரு துண்டு இருக்கலாம். ஆனால் இப்படியான விளக்கங்கள் பெரும்பாலும் யாரோ ஒருவரின் குணத்தில் பழியைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. அந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் சமூக விஞ்ஞானம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. றைட் மில்ஸ் 1959இல் 'சமூகவியல் கற்பனை' பற்றி ஒரு நூல் எழுதினார். தனிப்பட்ட தொல்லைக்கும் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அதில் விளக்குகிறார். ஒரு நகரத்தில் ஒருவருக்கு மாத்திரம் வேலை இல்லையென்றால் அவருடைய திறமையையும் பழக்கத்தையும் பார்க்கலாம். இலட்சக்கணக்கானோருக்கு வேலை இல்லையென்றால் அத்தனை பேரின் குணத்தையும் ஆராய்வதில் பயனில்லை. தொழில்களின் அமைப்பையே பார்க்க வேண்டும்.

இதை எங்களுடைய ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2009இற்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. கடன் பெரும்பாலும் பெண்களுக்கே கொடுக்கப்பட்டது. குழுவாகச் சேர வேண்டும், ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து வசூலிப்பார்கள். ஒரு ஒழுங்கையில் ஒரு பெண் கடனில் மூழ்கினால், "அவவுக்குச் சிக்கனம் தெரியாது" என்று சொல்லிவிடலாம். ஒழுங்கை முழுவதும், ஊர் முழுவதும், பொலன்னறுவையின் சிங்களக் கிராமங்கள் வரைக்கும் பெண்கள் அதே கடனில் மூழ்கியிருந்தால், அந்த விளக்கம் பொருந்துமா? வட்டி வீதம், தொழில் இல்லாத ஊர்கள், வறட்சி, அரச வங்கியில் பிணையாள் இல்லாமல் கடன் பெற முடியாமை என்று நாங்கள் வேறு இடங்களில் பார்க்க வேண்டியிருக்கும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 'சிக்கனம் தெரியாத பெண்கள்' என்பது 'கடன் பிரச்சினை' ஆக மாறிய பின்னர்தான் அது நடந்தது. கேள்வி மாறியதால் விடையும் மாறியது.

சரி, கேள்வியை மாற்றினால் போதுமா? சான்று வேண்டும். சான்று எப்படித் தேடுவது என்பதற்கு எனது மாணவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஒஸ்திரியாவில் வியன்னா நகருக்கு அண்மையில் மரியென்தால் என்று ஒரு சிறிய ஊர். ஊர் முழுவதும் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் அந்த ஆலை மூடப்பட்டது. வேலையிழப்பு ஒரு சமூகத்தை என்ன செய்கிறது என்று அறிய ஓர் இளம் ஆய்வுக் குழு 1931இல் அங்கே போனது. அந்த ஆய்வைப் பெரும்பாலும் எழுதியவர் மாரி யகோடா என்ற பெண். அப்போது அவருக்கு 25 வயதுகூட நிறையவில்லை. நூல் 1933இல் வெளிவந்தது.

வேலையற்றவர்கள் கொதித்தெழுவார்கள் என்பதுதான் அன்று பலருடைய எதிர்பார்ப்பு. அவர்கள் கண்டது வேறு. வேலை இல்லாததால் ஊரவர்களுக்கு நேரம் நிறைய இருந்தது. நூலகத்தில் கட்டணமும் எடுபட்டது. அப்படியிருந்தும் நூல்களை இரவல் பெறுவது ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. ஒரு யன்னலோரம் மறைவாக இருந்து, வீதியில் போகிறவர்களின் நடையை நேரம் பார்த்து எழுதினார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் விரைவாகவே நடந்தார்கள். ஆலை மூடப்பட்டாலும் அடுப்பு மூடப்படவில்லை, பிள்ளைகள் இருந்தார்கள், உடுப்புத் துவைக்க வேண்டும், தைக்க வேண்டும். வேலையின்மை என்ற ஒரே சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பொருளைத் தரவில்லை என்பதை ஒரு மணிக்கூடும் ஒரு கொப்பியும் காட்டிவிட்டன.

வறுமை வந்தால் மக்கள் போராடுவார்கள் என்று வியன்னாவில் இருந்தபடி எழுதியிருக்கலாம். போய்ப் பார்த்தபோது சோர்வையும் ஒடுங்குதலையும் கண்டார்கள். முதுமாணிக் கல்வியின் சாரம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்: நாங்கள் எதிர்பார்ப்பதற்கு மாறான விடையையும் தரக்கூடிய வழியில் கேள்வி கேட்கப் பழகுவது.

அடுத்ததாகச் சொற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆய்வில் 'எண்ணக்கரு' என்று சொல்லுவோம். கேட்பதற்கு வறட்சியான பாடம் போலத் தெரியும். ஆனால் ஒரு சொல் ஒரு வீட்டையே பறிக்கலாம்.

கிழக்குக் கரையில், மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில், தமிழர் மத்தியிலும் முஸ்லிம்கள் மத்தியிலும் வீடு வளவு தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது நீண்ட கால வழக்கம். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மருமகன் அங்கே வந்து வாழ்வார். இதை மானிடவியலாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். டெனிஸ் மக்கில்வ்றே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்த வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. பின்னர் வீட்டுத் திட்டங்கள் வந்தன, படிவங்கள் வந்தன. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பெரும்பாலும் கணவரின் பெயர் எழுதப்பட்டது. மனைவியின் சீதன வீடாக இருந்தது, பல இடங்களில், புதிய காணியும் புதிய வீடுமாகக் கணவரின் பெயருக்கு மாறியது. யாரும் திட்டமிட்டு அந்த வழக்கத்தை ஒழிக்கவில்லை. ஒரு படிவம், ஒரு கட்டம், ஒரு சொல். பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் எடுத்துச் சொன்ன பின்னர்தான் அதற்குள் என்ன நடந்தது என்பது வெளியே தெரிந்தது.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருவோம். 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்ற தொடரை இன்று பிரதேச செயலகம் முதல் ஆலய நிர்வாகம் வரைக்கும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். யார் அந்தப் பெண்? போரில் கணவரை இழந்தவர். கணவர் காணாமற்போனவர். கணவர் கட்டாரில் வேலை செய்பவர். கணவரால் கைவிடப்பட்டவர். தம்பி தங்கைகளை வளர்த்து மணம் முடிக்காமல் இருக்கும் அக்கா. பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் எழுபது வயது அம்மம்மா. இவர்கள் எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டு எல்லோருக்கும் ஐந்து கோழியும் ஒரு தையல் இயந்திரமும் கொடுத்தால், யாருடைய பிரச்சினையும் முழுதாகத் தீராது. செல்வி திருச்சந்திரன் போன்றோர் 1990களிலேயே கிழக்கில் இந்தக் குடும்பங்களை நேரில் ஆராய்ந்து எழுதினார்கள். பட்டியலுக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பார்க்கும் பழக்கம் அப்படியான ஆய்வுகளிலிருந்துதான் வருகிறது.

ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில் 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமையும், அதன் தொடர்ச்சியாக வந்த 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் வடமாகாணத் தமிழர்களுக்கு இன்றும் பொருந்துகின்றன. அதன்படி மணமான பெண் தனது அசையாச் சொத்தைத் தன்விருப்பப்படி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சீதனமாகத் தாய் கொடுத்த காணியாக இருந்தாலும் அப்படித்தான். கணவர் காணாமற்போயிருந்தால்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி பெறலாம். அதற்கு வழக்கறிஞருக்குக் காசு வேண்டும், அலைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணவர் எங்கே என்று தெரியாது என்பதை அவர் ஒரு மன்றத்தில் நின்று சொல்ல வேண்டும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்களுக்காக, காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழை வழங்கும் ஏற்பாடு 2016இல்தான் சட்டத்தில் வந்தது.

இங்கே எத்தனை விடயங்கள் ஒன்றையொன்று தொடுகின்றன பாருங்கள். பழைய வழமை, குடியேற்றக் காலச் சட்டம், போர், வங்கிக் கடன், தாய் மனம். இதைச் சட்டம் படித்தவர் மாத்திரமோ, பொருளியல் படித்தவர் மாத்திரமோ முழுதாகப் பார்க்க முடியாது. முதுமாணி வகுப்பில் ஒரே மேசையைச் சுற்றி ஒரு கிராம உத்தியோகத்தர், ஒரு தாதி, ஒரு வங்கி உத்தியோகத்தர், ஒரு ஆசிரியை இருந்து இதைப் பேசும்போது, ஒவ்வொருவரும் தாம் தினமும் காணும் துண்டை மேசையில் வைக்கிறார்கள். நான் விரிவுரை செய்வதை விட அங்கே அவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்பது அதிகம்.

மாணவச் செல்வங்களுக்காக இந்தப் படிப்பின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் தகைமைக் கட்டமைப்பில் முதுமாணிப் பட்டம் 9ஆம், 10ஆம் மட்டங்களில் வருகிறது. பாடநெறிகளை மாத்திரம் கொண்டது 9ஆம் மட்டம். பாடநெறிகளோடு ஆய்வும் சேர்ந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எடுப்பது 10ஆம் மட்டம். அதற்கு மேலே முதுதத்துவமாணி, கலாநிதி. சமூக மாற்றத்தை விளங்க விரும்புகிறவர்களுக்கு ஆய்வுடன் கூடியதையே நான் பரிந்துரைப்பேன். கோட்பாடு, ஆய்வு முறையியல், புள்ளிவிபரம் ஆகிய மூன்றும் அடித்தளம். அதன் பின்னர் உங்களுக்கென ஒரு கேள்வி, களவேலை, ஆய்வேடு. கலைமாணியில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு நீங்கள் விடை எழுதுவீர்கள். முதுமாணியில் கேள்வியையே நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். பலரும் தடுமாறும் இடம் அதுதான். பலரும் வளரும் இடமும் அதுதான்.

ஒரு கிராமப் பாடசாலை ஆசிரியை முதுமாணி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பாடசாலையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். "தாய் தகப்பனுக்கு ரவுண் பள்ளிக்கூட மோகம்" என்பது ஊர் விளக்கம். அவர் அதை ஒரு கருதுகோளாக மாத்திரம் வைத்துக்கொண்டு தேடத் தொடங்குகிறார். அந்தப் பிரிவில் ஐந்து வயதுப் பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர்? அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் பிறப்புகள் குறைந்து வருகின்றனவே. மீள்குடியேறாத குடும்பங்கள் எத்தனை? காலை பஸ் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது? கணித ஆசிரியர் எத்தனை மாதமாக இல்லை? நகரத்துக்கு அனுப்பும் தாய்மாரும் அனுப்பாத தாய்மாரும் என்ன சொல்கிறார்கள்? இறுதியில் மோகம் என்பது ஒரு பங்குக்குச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் வலயக் கல்வி அலுவலகம் அந்தப் பாடசாலையை மூடுவதா, ஆசிரியரை அனுப்புவதா என்று தீர்மானிக்கும்போது, ஊர்ப் பேச்சை விடத் திடமான ஒன்று அவருடைய கையில் இருக்கும்.

இப்போது எனது தோழியின் கேள்விக்கு வருகிறேன். என்ன வேலை? நேர்மையாகச் சொன்னால், சமூக விஞ்ஞான முதுமாணி வைத்தியப் பட்டம் போல ஒரு கதிரையை ஒதுக்கி வைத்திருக்காது. திட்டமிடல், புள்ளிவிபரம், கல்வி நிர்வாகம், சமூக சேவை, ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், ஊடகம், விரிவுரை என்று பல வாசல்கள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றையும் தட்ட வேண்டும். என்னிடம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். சனி, ஞாயிறு வகுப்புக்கு வருகிறார்கள். அவர்கள் வேலை தேடி வருவதில்லை; செய்யும் வேலை ஏன் பலன் தரவில்லை என்று அறிய வருகிறார்கள். அந்தக் கேள்வியோடு வருகிறவர் வீணாகப் போவதை நான் கண்டதில்லை.

தடைகளையும் மறைக்கக் கூடாது. வாசிக்க வேண்டிய நூல்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் வாசித்து மீண்டும் தமிழில் எழுதுவது இரட்டை உழைப்பு. ஆனால் அந்த உழைப்பால்தான் எங்களுடைய சொற்களும் வளர்கின்றன. கட்டணம் இன்னொரு தடை. பட்டமேற்படிப்புக்கு இலவசக் கல்வி இல்லை. மூன்றாவது தடை வீடு. ஆண் முதுமாணி படித்தால் வீட்டில் சத்தம் போடாமல் இருப்பார்கள். பெண் படித்தால் சமைத்து வைத்துவிட்டுப் படிக்க வேண்டும். மரியென்தாலில் பெண்கள் ஏன் விரைவாக நடந்தார்கள் என்பது எனது மாணவிகளுக்கு விளக்கம் இல்லாமலே புரிகிறது.

ஆய்வு செய்கிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. போருக்கும் ஆழிப்பேரலைக்கும் பின்னர் எங்களுடைய மக்களிடம் வினாக்கொத்தோடு வந்தவர்கள் ஏராளம். வன்னியில் ஒரு வீட்டுக்குப் போனால், "பிள்ளை, எத்தினை பேர் வந்து எழுதிக்கொண்டு போட்டினம், ஒருத்தரும் திரும்பி வரேல்லை" என்று சொல்லுவார்கள். அது நியாயமான குற்றச்சாட்டு. மரியென்தால் குழு இதற்கு ஒரு விதி வைத்திருந்தது: ஊருக்குப் பயனுள்ள ஏதாவது ஒரு வேலை செய்யாமல் வெறும் பார்வையாளராக யாரும் அங்கே இருக்கக் கூடாது. உடுப்புச் சேர்த்துக் கொடுத்தார்கள், வைத்திய ஆலோசனை ஏற்பாடு செய்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். துயரத்தைக் கேட்கும்போது ஒருவரின் ஆறிய புண்ணைக் கிளறாமல் கேட்கவும், பெயரை மறைக்கவும், "சொல்ல விருப்பமில்லை" என்றால் கொப்பியை மூடவும், கண்டறிந்ததைத் திரும்பக் கொண்டுபோய் அவர்களிடமே சொல்லவும் கற்றுக்கொள்ளாதவருக்கு முதுமாணிப் பட்டம் கொடுக்கக் கூடாது என்பது எனது எண்ணம்.

எங்களைப் பற்றிய தரவுகள் எவ்வளவு குறைவு என்பதையும் எண்ணிப் பாருங்கள். இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. பின்னர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை. 1991இல் நடக்கவேயில்லை. 2001இல் வடக்கு கிழக்கின் பெரும்பகுதியில் நிறைவுபெறவில்லை. ஆக, 1981இற்கும் 2012இற்கும் இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்களை யாரும் முழுமையாக எண்ணவில்லை. கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால் 1981இல் யாழ் மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2012இல் 6 இலட்சத்துக்கும் குறைவு. இடையில் என்ன நடந்தது என்பது எங்களுடைய வீடுகளிலும் நினைவுகளிலும்தான் இருக்கிறது. அந்த நினைவுகளுக்கு உரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

இதனால்தான் நூற்றாண்டுச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கல்லூரி அலுவலகத்தில் சேர்விடாப்புகள் இருக்கின்றன. சம்பவத்திரட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. கறையானுக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பியவை எவையோ அவை. எங்களுக்கு அவை பழைய கொப்பிகள். ஆய்வாளருக்கு அவை ஒரு நூற்றாண்டின் சமூக வரலாறு. ஒரு பிள்ளை எந்த ஊரிலிருந்து வந்தாள், தகப்பனின் தொழில் என்ன, எந்த வகுப்பில் விலகினாள், விடுகைப் பத்திரம் எந்த ஊருக்கு எடுத்தாள் என்பவற்றை வரிசையாகப் பாருங்கள். பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த 1931இல் எத்தனை பெண் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டினார்கள்? 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னர் தகப்பன்மாரின் தொழில் நிரல் எப்படி மாறியது? 1983இற்குப் பின்னர் தென்னிலங்கையிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்? 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது எந்தப் பெயர்கள் நின்றுபோயின? 1995 இடப்பெயர்வில் வகுப்புகள் எங்கே சிதறின?

இன்னொன்றும் கேட்க வேண்டும். இடாப்பில் இல்லாத பெயர்கள் யாருடையவை? 1920களின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தபோது எழுந்த எதிர்ப்பை நாங்கள் அறிவோம். எமது கல்லூரியின் படலை எந்த ஆண்டில், யாருக்குத் திறந்தது? நூற்றாண்டு மலரில் பெருமைகளை எழுதுவது எங்களுடைய கடமை. இந்தக் கேள்வியையும் கேட்பது எங்களுடைய கல்லூரி தந்த கல்விக்குச் செய்யும் மரியாதை. இதில் யாரையும் குற்றவாளியாக்குவது நோக்கமல்ல. ஒரு நூறு ஆண்டுகளில் நாங்கள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம் என்பதை, எங்கே இருந்து புறப்பட்டோம் என்று தெரியாமல் அளக்க முடியாது.

ஆகவே மூன்று சிறிய காரியங்களை முன்மொழிகிறேன். முதலாவது, இடாப்புகளையும் சம்பவத்திரட்டுகளையும் மின்வடிவில் படியெடுத்துப் பாதுகாப்பது. பிள்ளைகளின் பெயர்கள் வெளியே போகாமல், ஆய்வுக்கு மாத்திரம் திறந்துவிடுவது. இரண்டாவது, எண்பது வயதைத் தாண்டிய பழைய மாணவிகளின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவுசெய்வது. லண்டன், ரொறொன்ரோ, சிட்னி, கொழும்புக் கிளைகள் தத்தம் ஊர்களில் இதைத் தொடங்கலாம். கைபேசி போதும், ஆனால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு நாள் பயிற்சி அவசியம். அதை நடத்த நான் ஆயத்தம். மூன்றாவது, கட்டடத்துக்குச் சேரும் நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை எமது பழைய மாணவி ஒருவருக்குச் சமூக விஞ்ஞான முதுமாணிக் கட்டணத்தைக் கட்டுவது. ஒரேயொரு நிபந்தனை: அவர் தனது ஆய்வைத் தமிழில் எழுதி, இந்த மண்டபத்தில் வந்து வாசிக்க வேண்டும்.

உயர்தர மாணவிகளுக்கு ஒரு சொல். நீங்கள் வைத்தியராக வேண்டும், பொறியியலாளராக வேண்டும் என்று வீட்டார் விரும்புவதில் தவறில்லை. இந்த ஊருக்கு அவர்களும் வேண்டும். ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே அறிந்துகொள்ளாவிட்டால், மற்றவர்கள் எழுதிய படிவத்தில் மற்றவர்கள் இட்ட கட்டத்துக்குள் தனது பெயரை நிரப்பிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் என்ன சொல் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் எமது கல்லூரிப் பிள்ளை ஒருத்தி இருக்க வேண்டும் என்பது எனது ஆசை.

இடாப்புகள் இருக்கும் அலுமாரியின் திறப்பு அதிபரிடம் இருக்கிறது. முதல் ஆய்வாளர் யார் என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.